பெர்மிட் யார் கையில்?

2023 டிசம்பரில் ஜொகூரின் பெங்கேராங் பகுதியில் 171 வங்கதேசத் தொழிலாளர்கள் காவல் நிலையத்துக்கு நடந்தே கிளம்பினார்கள். ஏஜென்ட் சொன்ன வேலை கிடைக்கவில்லை என்று புகார் கொடுப்பதுதான் நோக்கம். வழியிலேயே அவர்களையே பிடித்து அடைத்தார்கள்.

பெங்கேராங்குக்கு எதிர்க்கரை சிங்கப்பூரின் சாங்கி. ஆளைக் கூட்டிவந்து சும்மா உட்கார வைப்பது அங்கே முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. கட்டுமான வேலைக்கு வரும் இந்தியர் தேர்ச்சி குறைந்தவரென்றால் முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தேர்ச்சி பெற்றவரென்றால் 500. போதாததற்கு 5,000 வெள்ளி பிணைத்தொகை. மலேசியாவில் இதே லெவி ஆண்டுக்கே 1,850 ரிங்கிட்தான். ஆளெடுப்பும் நிலையாக இல்லை. 2016-இல் நிறுத்தினார்கள், பிறகு திறந்தார்கள், 2023 மார்ச்சில் புது ஒதுக்கீட்டை மறுபடி நிறுத்தினார்கள். நடுநடுவே வேலை பெர்மிட் இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு வேறு.

ஆனால் சம்பள விஷயத்தில், சட்டப் புத்தகத்தின்படி, மலேசியாதான் மேல். 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் கட்டுமானத்திலும் தோட்டத்திலும் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். சிங்கப்பூரில் பெர்மிட் தொழிலாளிக்கு அப்படியொரு வரம்பே கிடையாது. அரசுக்குப் போகும் லெவிக்கு அட்டவணை போட்டவர்கள், உழைப்பவர் கைக்கு வருவதைச் சந்தையிடம் விட்டுவிட்டார்கள். இவ்வளவு பணக்கார நாட்டுக்கு இது அழகல்ல.

இரண்டு நாட்டிலும் பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இதுவே. சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளி, பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில் மட்டும், முதலாளி சம்மதமில்லாமல் வேறு கம்பெனிக்கு மாறலாம். மூன்று வாரம்கூட இல்லை. 2025 ஜூலையிலிருந்து, எத்தனை ஆண்டு வேலை செய்யலாம் என்ற உச்சவரம்பை நீக்கி 63 வயது வரை வேலை செய்யலாம் என்றாக்கிவிட்டார்கள். அத்தனை காலம் ஒருவரை வைத்துக்கொள்ளத் துணிந்த நாடு, அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தால் என்ன?

தொழில்திறன் டெஸ்ட் அடித்துவிட்டு சிங்கப்பூருக்குக் காத்திருக்கும் தம்பிகளே, விமானம் ஏறுமுன் ஐபிஏ என்னும் முன்அனுமதிக் கடிதத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் முதலாளி அந்தச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. அதனால் அங்கே போனபின், புரியாத காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.