சித்தேரி மலைக்குப் பார்சல் பறக்குமா?



நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகச் சித்தேரி மலைக்குப் போயிருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கி, அப்புறம் மண்பாதையில் ஒரு மணி நேர நடை. கையோடு கொண்டு போன சின்ன ட்ரோனைப் பள்ளிக்கூட மைதானத்தில் பறக்க விட்டோம். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஓரமாக நின்ற ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டார். "ஏன் தம்பி, இது படம் மட்டுந்தான் புடிக்குமா? மருந்து கிருந்து தூக்கிக்கிட்டு வராதா?"

போன மழைக்காலத்தில் அவர் பேரனைப் பாம்பு கடித்துவிட, தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். பையன் பிழைத்துக்கொண்டான். "வரும் பாட்டி" என்று நானும் சொல்லிவிட்டேன். விடுதிக்கு வந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் எவ்வளவு அவசரப்பட்டு வாக்குக் கொடுத்தேன் என்று புரிந்தது.

கணக்கு இதுதான். நாலு விசிறி ட்ரோன் ஒன்று, பார்சல் 2 கிலோ, மின்கலம் 2 கிலோ, எல்லாம் சேர்த்து 7 கிலோ என்று வெச்சுக்குவோம். ஒரு கிலோவை அந்தரத்தில் தாங்கிப் பிடிக்கவே சுமார் 170 வாட் வேண்டும். ஆக 7 கிலோவுக்கு ஏறத்தாழ 1,200 வாட். வீட்டில் இரண்டு மிக்ஸியை ஒன்றாகப் போட்ட மாதிரி! 22.2 வோல்ட், 16 ஆம்பியர்-மணி மின்கலத்தில் இருப்பது 355 வாட்-மணி. அதை முழுக்க உறிஞ்சினால் மின்கலம் கெட்டுவிடும், எண்பது சதவீதம்தான் எடுக்கலாம். மிச்சக் கணக்கு நீங்களே போடுங்கள்: பறக்கும் நேரம் 14 நிமிடம். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் எட்டரை கி.மீ.க்குள், அதாவது போக நாலு, வர நாலு. அரூரில் கிளம்பினால் மலை அடிவாரத்தைக்கூடத் தொடாது. இதில் 600 மீட்டர் மேலே ஏறுவதற்கு, விரயத்தையும் சேர்த்தால், மின்சாரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு தனியாகப் போய்விடும். எதிர்க்காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் பேப்பரில் படித்ததெல்லாம் பொய்யா? இல்லை. 2022 மே மாதம் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் அஞ்சல் துறை ஒரு மருந்துப் பார்சலை 46 கி.மீ. தூரம் 25 நிமிடத்தில் பறக்க விட்டது. மணிக்கு 110 கி.மீ. வேகம்! இது வெறும் விசிறி செய்யும் வேலை இல்லை. விசிறியால் நேராக மேலே எழும்பி, பிறகு இறக்கையால் மிதந்து போகும் வகை வேண்டும். இறக்கை இருந்தால் எடையைக் காற்றே தாங்கும். மோட்டார் முன்னே தள்ளினால் போதும். பருந்து சிறகடிக்காமல் வட்டமிடுகிறதே, அந்தச் சூட்சுமம்தான். (வான்வழித் தபால் நமக்குப் புதிதும் அல்ல. 1911 பிப்ரவரி 18-ல் அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களோடு விமானம் யமுனையைத் தாண்டியது.)

மணிப்பூரில் 2021 அக்டோபர் 4-ந் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் லோக்தாக் ஏரியில் உள்ள கராங் தீவுக்குத் தடுப்பூசி அனுப்பியது. சாலை வழி 26 கி.மீ., வான்வழி 15 கி.மீ. கால் மணி நேரத்தில் ஊசி போய்ச் சேர்ந்தது. கவனியுங்கள், கட்ச்சிலும் மணிப்பூரிலும் போனது மருந்து. செருப்பும் சுடிதாரும் அல்ல.

ஊருக்குள் பார்சல் கொடுக்கும் ரோபோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் ஆறு சக்கர ரோபோ 2018 முதல் மளிகைச் சாமான் கொண்டு போகிறது. அங்கே நடைபாதை இருக்கிறது. நம் ஊர் நடைபாதையில் பூக்கடை இருக்கிறது, பைக் நிற்கிறது, ஆடு படுத்திருக்கிறது! தவிர நமக்குத்தான் பஸ் இருக்கிறதே. "அண்ணா, இந்தப் பையை அரூர்ல எங்க மாமா வந்து வாங்கிக்குவாரு" என்று கண்டக்டரிடம் கொடுத்தால் போய்ச் சேராத பொருள் உண்டா? எடை என்று வந்தால் கழுதைக்கும் ட்ரோன் ஈடாகாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல்தான் ஏறின.

சரி, பாட்டி கேட்ட மருந்துக்கு வருவோம். பாம்புக்கடி மருந்து நம் நாட்டில் பெரும்பாலும் உலர்ந்த பொடியாக வருகிறது. குளிர்ப்பெட்டி இல்லாமலும் தாங்கும். முதல் தடவைக்கு எட்டு முதல் பத்து குப்பி. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ வராது. ட்ரோனுக்கு ஏற்ற சுமை! ஆனால் அதை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போக முடியாது. நரம்பில் ஏற்ற வேண்டும், ஒவ்வாமை வந்தால் உடனே சமாளிக்க வேண்டும். மருந்து பறந்துவிடும், மருத்துவர் பறப்பாரா? பக்கத்து சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே இருப்பு வைப்பது ட்ரோனைவிட மலிவு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்களே வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுக்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது வேறு. மேலே போகும் சுமையைவிடக் கீழே வரும் சுமைதான் மலைக்காரர்களுக்கு லாபம். ரத்த மாதிரியும் சளி மாதிரியும் சில கிராம்தான். அதைக் கொடுக்க ஒருவர் கீழே இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. ட்ரோன் இறங்குவது என்றால் பள்ளத்தை நோக்கி இறங்குவது. மின்கலச் செலவும் குறைவு. சுகாதார நிலையங்களுக்கு நடுவே காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, பஸ் மாதிரி நேரம் வைத்து ஓட்டலாம்.

தடைகளும் உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. ஆனால் கண் பார்வைக்கு அப்பால் பறப்பது வேறு விஷயம், அதற்குத் தனி அனுமதி வேண்டும். மலைக்குப் பின்னால் போவதைக் கண்ணால் பார்ப்பது எப்படி? முகாமில் எங்கள் செல்போனில் சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. வழியில் ஒரு திரும்பச் சொல்லும் கருவி நிறுவாமல் காரியம் ஆகாது. அது எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் வேலை. இறக்கை எங்கள் மெக்கானிக்கல் பிரிவு வேலை. ஒர்க்‌ஷாப்பில் தெர்மோகோலும் மூங்கிலும் வைத்து ஆரம்பித்திருக்கிறோம். இரண்டு முறை மூக்குக் குத்தி விழுந்தது.

அடுத்த முகாமுக்குப் போகும்போது பாட்டியிடம் திருத்திச் சொல்ல வேண்டும்: "வரும் பாட்டி, ஆனா உங்க வாசலுக்கு இல்ல, நர்ஸம்மா இருக்கிற எடத்துக்குத்தான் வரும்." அவர் என்ன பதில் சொல்வாரோ தெரியவில்லை.