விரைந்து எழுத உதவும் எழுத்துச் சுருக்கம்

‘நபிகள் நாயகம் (ஸல்)’ என்று படிக்கும்போது, அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டெழுத்தை ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்று முழுமையாகவே சொல்கிறீர்கள் அல்லவா? எழுத்தால் எழுத்தைச் சுருக்கும் கலை நமக்குப் புதியதன்று.

ஹதீஸ்களை எழுதியோர் ‘ஹத்தஸனா’ (எமக்கு அறிவித்தார்) என்பதை ‘ஸனா’ என்றும், ‘அக்பரனா’ என்பதை ‘அனா’ என்றும் சுருக்கினர். அறிவிப்பாளர் தொடர் மாறுமிடத்தில் ‘ஹா’ என்னும் ஓரெழுத்தே போதுமாயிற்று. எழுதுவது சுருக்கமாயினும் வாசிப்பது முழுமையாகவே இருந்தது.

தமிழிலும் இவ்வழக்கம் உண்டு. பழைய கணக்கேடுகளில் நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, வருடத்திற்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று குறித்தனர். உங்கள் இல்லத்துப் பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்; இவற்றுள் சிலவற்றைக் காணலாம்.

மேலைநாட்டில் 1837-இல் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்து ஒலிக்குறிகளால் ஆனது, பயில நாளாகும். எம்மா டியர்பார்ன் 1924-இல் வெளியிட்ட முறை வழக்கமான ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்தியது. 1968-இல் ஜேம்ஸ் ஹில் அமைத்த டீலைன் முறையோ எழுத்துகளின் வடிவையே எளிதாக்கி, உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

வகுப்பிலும் பயானிலும் குறிப்பெடுக்க நீங்களும் ஒரு முறையை அமைத்துக்கொள்ளலாம். அடிக்கடி வரும் சொற்களுக்கு மட்டும் முதலெழுத்தையும் கடையெழுத்தையும் எழுதுங்கள். ‘நெசவாளர்’ என்பது ‘நெ.ர்’, ‘கூட்டுறவு’ என்பது ‘கூ.வு’. ‘கா.ம்’ என்றால் காஞ்சிபுரமா, காரணமா, காலமா என்று ஐயம் எழும். ஆகவே ஒரு குறிக்கு ஒரே பொருள் என வகுத்து, ஏட்டின் முதற்பக்கத்தில் பட்டியலிடுங்கள். அன்றிரவே குறிப்பை விரித்தெழுதிவிடுங்கள்.

ஆயினும் கொடுக்கல் வாங்கலில் இந்தச் சுருக்கம் வேண்டா. காஞ்சிபுரத்துத் தறிக்காரர் ஒருவரின் கணக்கேட்டில் ‘மு’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது நெய்த முழமா, வாங்கிய முன்பணமா? எழுதியவர் மறைந்தபின் அந்த ஓரெழுத்து, பிள்ளைகள் தலையில் கடனாக விழக்கூடும். கடன் சிறிதாயினும் பெரிதாயினும், தவணையைக் குறிப்பிட்டு எழுதிக்கொள்ளச் சோர்வடையலாகாது என்று திருக்குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது.

குறிப்பேட்டில் சுருக்குங்கள், கடன் பத்திரத்தில் ஒவ்வொரு சொல்லையும் முழுமையாக எழுதுங்கள். அதை நாளை படிக்க வேண்டியவர்கள் உங்கள் வாரிசுகள்.