மாற்றுச் சிறுநீரகமும் ‘ஒய்’ வடிவக் காவலனும்

எதிர்ப்பொருள் என்றதும் உயிரியல் பாடநூலில் உள்ள ‘ஒய்’ வடிவப் படம் உங்கள் நினைவுக்கு வரும். ஆன்டிபாடி எனப்படும் இந்தப் புரதம் கிருமியைப் பற்றிக்கொண்டு அதை அழிக்க உதவும். தேர்வுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் அந்த ‘ஒய்’ கிருமியை விட்டுவிட்டு, கிருமியோடு போராடும் நம் சொந்த அணுவின்மீதே போய் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

விபரீதமாகத் தோன்றும் இதைத்தான் உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் மருத்துவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. பாதிக்கப்பட்டோரில் பலர் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே இருக்க வேண்டியுள்ளது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் அதிலிருந்து விடுதலை பெறலாம். சிங்கப்பூரில் 1970ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 1975ஆம் ஆண்டிலும் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை சிகிச்சை வெற்றி பெற்ற பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: புதிய உறுப்பை உடல் ஏற்குமா?

உடல் ஏன் எதிர்க்கிறது?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் தீக்காயம் அடைந்தவர்களுக்குப் பிறரின் தோலைப் பொருத்திப் பார்த்தார்கள். சில நாள்களில் அது உதிர்ந்துவிட்டது. அதே கொடையாளரின் தோலை மீண்டும் பொருத்தினால் இன்னும் வேகமாக உதிர்ந்தது. உடல் அந்நியத் தோலை ‘நினைவில்’ வைத்திருக்கிறது, ஆகவே இது நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்று பீட்டர் மெடவார் காட்டினார். அவர் 1960ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசஃப் மரே ஒருவருடைய சிறுநீரகத்தை அவரது இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். இருவரும் ஒரே கருவிலிருந்து உருவானவர்கள் என்பதால் உடல் அதை அந்நியமாகக் கருதவில்லை. ஆனால் எல்லாருக்கும் இரட்டையர் இருப்பதில்லையே! மற்றவர்களின் அணுக்களில் எச்எல்ஏ எனப்படும் அடையாளப் புரதங்கள் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டைக் கண்டதும் டி அணுக்கள் எனும் வெள்ளை அணுக்கள் தாக்குதலுக்குத் தயாராகின்றன.

மூன்று அனுமதிகள்

டி அணு எடுத்த எடுப்பிலேயே தாக்கிவிடாது. அதன் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் வழியாக மூன்று அனுமதிகள் கிடைக்க வேண்டும்.

முதலாவது, “இது அந்நியப் பொருள்” என்ற தகவல். இதை டி அணு ஏற்பி கண்டறிகிறது. அதனுடன் இணைந்துள்ள சிடி3 என்ற புரதம் தகவலை அணுவுக்குள் கொண்டுசெல்கிறது.

இரண்டாவது, “ஆம், இது உண்மையான ஆபத்துதான்” என்ற உறுதிப்பாடு. இது சிடி28 ஏற்பி வழியாக வருகிறது.

மூன்றாவது, “பெருகு” என்ற கட்டளை. இன்டர்லூக்கின்-2 என்ற வேதிப்பொருள் தனக்குரிய ஏற்பியில் பொருந்தும்போது ஒரு டி அணு பல்லாயிரமாகப் பெருகத் தொடங்குகிறது.

இந்த ஏற்பிகளுள் ஒன்றின்மீது எதிர்ப்பொருளை ஒட்டவைத்தால் தாக்குதலைத் தடுக்கலாம் அல்லவா? எண்ணம் எளிது. ஆனால் எந்த ஏற்பி, எந்த நேரம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதை மருத்துவ உலகம் கடினமான வழியில் கற்றது.

முதல் மருந்து தந்த அதிர்ச்சி

ஒரே இலக்கை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைத் தேவையான அளவு தயாரிக்கும் வழியை 1975ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். எதிர்ப்பொருளைச் சுரக்கும் எலியின் அணுவை, ஓயாமல் பெருகும் புற்றணுவோடு இணைத்தார்கள். அந்தக் கலப்பு அணு ஓர் ஆலையைப்போல ஒரே வகை எதிர்ப்பொருளை உற்பத்தி செய்தது.

இம்முறையில் உருவான ஓகேடி3 சிடி3 புரதத்தைப் பற்றியது. 1986ல் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. மனிதருக்குச் சிகிச்சை அளிக்க அங்கீகாரம் பெற்ற முதல் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் அதுதான். உடல் நிராகரிக்கத் தொடங்கிய சிறுநீரகங்களைக் காப்பாற்றுவதில் அது திறம்படச் செயல்பட்டது. 1985ல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 94 விழுக்காட்டினருக்கு நிராகரிப்பு நின்றது. வழக்கமான ஸ்டீராய்டு சிகிச்சை பெற்றவர்களிடம் அது 75 விழுக்காடாக இருந்தது.

ஆயினும், முதல் ஊசி போட்ட சில மணி நேரத்திற்குள் பலருக்குக் கடும் காய்ச்சலும் நடுக்கமும் ஏற்பட்டன. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. காரணம் என்ன? சிடி3 வெறும் பூட்டு அன்று, அது அழைப்புமணியும்கூட. எதிர்ப்பொருள் அதைப் பற்றியபோது, டி அணு அடங்குவதற்கு முன்னால் ஒருமுறை கிளர்ந்தெழுந்து வேதிப்பொருள்களைக் கொட்டியது. மேலும், மருந்து எலியின் புரதம் என்பதால் அதற்கு எதிராகவே சிலரின் உடல் எதிர்ப்பொருள் தயாரித்தது. எல்லா டி அணுக்களையும் ஒரேயடியாக முடக்கியதால் தொற்றும் சில வகைப் புற்றுநோய்களும் வரும் அபாயம் கூடியது. பயன்பாடு குறைந்துபோக, 2010ல் அந்த மருந்தின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது.

விழித்த அணுவை மட்டும் குறிவைத்தல்

அடுத்து ஆய்வாளர்கள் மூன்றாவது அனுமதியின் பக்கம் திரும்பினார்கள். இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் ஒரு பகுதி சிடி25. ஓய்வில் இருக்கும் பெரும்பாலான டி அணுக்களில் இது இருப்பதில்லை. தாக்குதலுக்கு விழித்தெழுந்த அணுக்களில்தான் பெருமளவில் தோன்றுகிறது. அதை மறைத்தால், புதிய உறுப்புக்கு எதிராகத் திரளும் அணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கலாம். மற்றவை பெரும்பாலும் தங்கள் வேலையைத் தொடரும்.

1998ல் அங்கீகாரம் பெற்ற பசிலிக்சிமாப் இந்த வகையைச் சேர்ந்தது. எலிப் புரதத்தின் பெரும்பகுதியை நீக்கி மனிதப் புரதத்தைச் சேர்த்து உருவாக்கியது என்பதால், உடல் அதை எளிதில் எதிர்ப்பதில்லை. பெரியவர்களுக்கு இரண்டே முறை கொடுக்கிறார்கள்: அறுவை சிகிச்சைக்குச் சற்று முன்பு ஒன்று, நான்கு நாள் கழித்து இன்னொன்று. ஓகேடி3 கிளப்பிய புயல் இதில் பொதுவாக எழுவதில்லை.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. இது நிராகரிப்பு வராமல் தடுக்கத்தான் உதவும். முற்றிவிட்ட நிராகரிப்பை நிறுத்தும் வலிமை இதற்கு இல்லை. தாக்குதலை அடக்கும் ‘சமாதான’ டி அணுக்களிலும் சிடி25 இருப்பதால், அவற்றையும் இது தொட்டுவிடுகிறது.

பழைய மருந்துக்குப் புதிய வாழ்வு

ஓகேடி3 கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. அதை மனிதப் புரதமாக மாற்றி, டி அணுவைக் கிளர்ந்தெழச் செய்த வால்பகுதியையும் ஆய்வாளர்கள் திருத்தினார்கள். அப்படிப் பிறந்த டெப்லிசுமாப், முதல் வகை நீரிழிவு வரவிருப்பவர்களுக்கு அந்நோயைத் தள்ளிப்போடும் மருந்தாக 2022ல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. 2019ல் வெளியான ஆய்வில் நோய் ஏறத்தாழ ஈராண்டு தள்ளிப்போனது. இரண்டு ஆண்டு என்பது சிறியதாகத் தோன்றலாம். தினமும் இன்சுலின் ஊசி போடவேண்டிய ஒரு பள்ளி மாணவருக்கு அது சிறியதன்று.

இன்னும் தீராத சிக்கல்

பசிலிக்சிமாப் தொடக்க வாரங்களைக் காக்கும் காவலன்தான். அதற்குப் பிறகும் நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் உறுப்பை உடல் நிராகரிக்கும். மிகுந்தால் தொற்று தாக்கும். மாற்று உறுப்புடன் வாழும் பதின்ம வயதினரும் இளையர்களும் மாத்திரையைத் தவறவிடுவது, அவர்கள் உறுப்பை இழப்பதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. பள்ளி, நண்பர்கள், பயணம் ஆகியவற்றுக்கு இடையே தினமும் அதே நேரத்தில் மாத்திரை போடுவது எளிதன்று. உங்கள் வகுப்பிலேயே அப்படி ஒருவர் இருக்கக்கூடும்.

மற்றக் கிருமிகளை எதிர்த்தபடியே, இந்த ஓர் உறுப்பை மட்டும் தனதென்று உடல் ஏற்கச் செய்வதுதான் ஆய்வாளர்களின் கனவு. அதற்கான விடை இன்னும் பொதுவான சிகிச்சையாக வரவில்லை. அடுத்த முறை பாடநூலில் அந்த ‘ஒய்’ படத்தைப் பார்க்கும்போது, அது எதைப் பிடிக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். பிடித்த பிறகு அந்த அணு என்ன செய்கிறது என்றும் கேளுங்கள். ஓகேடி3 பெற்ற நோயாளிகளின் காய்ச்சலும் நடுக்கமும் மருத்துவ உலகுக்குக் கற்றுத்தந்த கேள்வி அது.