பல்கலைக்கழக வேலைக்கும் ஒரு லட்சம் டாலர்

2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்குப் புதிதாக எச்-1பி வேலை விசா கேட்டு மனு போடும் நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஐ.டி. நிறுவனங்கள் என்ன செய்யும் என்றுதான் நம் ஊரில் பெரும்பாலும் பேசினோம். பேராசிரியர்களையும் ஆய்வாளர்களையும் வேலைக்கு எடுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அந்தக் கட்டணம் உண்டு.

முன்பு என்ன நிலை?

எச்-1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் அதைவிட அதிகம் என்பதால் குலுக்கல் நடக்கிறது. 2000-இல் வந்த ஒரு சட்டம் பல்கலைக்கழகங்களையும் லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களையும் இந்த வரம்பிலிருந்து விலக்கியது. எந்த மாதத்திலும், எத்தனை பேருக்கும் அவை மனு போடலாம்.

இது பெரிய வசதி. அமெரிக்காவில் உதவிப் பேராசிரியர் பணிக்குப் பொதுவாக இலையுதிர் காலத்தில் விளம்பரம் வரும். குளிர்காலத்தில் நேர்காணல், அடுத்த ஆகஸ்டில் வகுப்பு. மார்ச்சில் குலுக்கல், அக்டோபரில் வேலை என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது.

இப்போது என்ன மாற்றம்?

வரம்பு விலக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்கெனத் தனி விலக்கு இல்லை. அமெரிக்கக் குடியேற்றத் துறை அக்டோபர் 20 அன்று ஒரு விளக்கம் தந்தது. ஏற்கெனவே அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர் அங்கிருந்தபடியே எச்-1பிக்கு மாறினால் கட்டணம் இல்லை. அந்த மாற்றத்துக்கு அவர் தகுதியில்லை என்றால் கட்டணம் உண்டு.

விளைவைப் பாருங்கள். ஒரே ஆய்வுக்கூட வேலைக்கு இருவர் விண்ணப்பிக்கிறார்கள். ஒருவர் ஒஹாயோவில் முனைவர் பட்டம் முடித்து அங்கேயே இருக்கிறார். மற்றவர் சென்னையில் முடித்தவர், ஆய்வில் ஒரு படி மேல். சென்னைக்காரரை எடுத்தால் துறைக்குக் கூடுதல் செலவு 1 லட்சம் டாலர். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் பயிற்சி நிதியில் முதலாண்டு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளருக்கு 2025-இல் வைத்த உதவித்தொகையே ஆண்டுக்கு 62,232 டாலர்தான். ஆளை எடுக்கும் முன்பே ஒன்றரை ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் போய்விடும். தகுதியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய தேர்வுக் குழு, விண்ணப்பித்தவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்க்க வேண்டியதாகிறது.

மாற்று வழி இல்லையா?

பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. ஆய்வாளர்கள் அதில் ஐந்தாண்டு வரை இருக்கலாம். ஆனால் நிரந்தரப் பணிக்கு வழிவிடும் ‘டென்யூர் டிராக்’ பதவிக்கு அதைப் பயன்படுத்த முடியாது. அரசு நிதியில் போகிறவர்கள் பிறகு இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஓ-1 விசா அசாதாரணத் திறமையைச் சான்றுகளோடு நிறுவியவர்களுக்கானது. இப்போதுதான் பட்டம் முடித்தவருக்கு அது எட்டுவது கடினம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் வர்த்தக சபையும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. 2025 டிசம்பரில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. மாநிலங்களும் தங்கள் பங்குக்கு இறுக்குகின்றன. டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட், மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றிப் புதிய எச்-1பி மனு போடக் கூடாது என்று 2026 ஜனவரியில் உத்தரவிட்டார். அது 2027 மே 31 வரை நீடிக்கும்.

பெரும் பணம் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் சிலருக்காவது இந்தத் தொகையைக் கட்டிவிடும். கிராமப்புறத்தில் ஒரே ஒரு கணித ஆசிரியரைத் தேடும் சிறிய கல்லூரியால் முடியாது. அங்கே இடம் காலியாகக் கிடந்தால் இழப்பு அந்த ஊர் மாணவர்களுக்குத்தான். வரம்பில் பல்கலைக்கழகங்களைத் தனியாக நடத்திய நாடு, கட்டணத்திலும் அவற்றைத் தனியாக நடத்துவதே நியாயம்.

இங்கிருந்து அமெரிக்கப் பணிக்கு விண்ணப்பிப்பவர்கள் பணி ஆணையை ஏற்கும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எந்த விசா? கட்டணம் வந்தால் பல்கலைக்கழகம் கட்டுமா? விசா தாமதமானால் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா? பதில்கள் கையில் வந்த பிறகு இங்குள்ள வேலையை விடுங்கள்.