ஒரே எஞ்சின், ரெண்டு உரிமையாளர்கள்: சொத்து சேர்த்தா மட்டும் போதுமா?

சம்பளம் வர ஆரம்பிச்சதும் நம்மில் பலர் ஆசைப்பட்டு ஏதாவது சேர்ப்போம். சிலருக்கு பழைய புல்லட், சிலருக்கு கேமரா, சிலருக்கு வாட்ச். அதை வாங்குறதுக்குக் கணக்கு போடுற நாம, நமக்குப் பிறகு அதை யார் பார்த்துப்பாங்கன்னு கணக்கு போடுறதில்லை. அதைப் புரிஞ்சுக்க, அமெரிக்காவில் நீராவி ரயில் எஞ்சின்களையே சேர்த்த ரெண்டு பேர் கதையைப் பார்க்கலாம். ஆமாங்க, முழு சைஸ் நிஜ எஞ்சின்!

முதல் நபர்: நெல்சன் பிளவுண்ட்

பிளவுண்ட் கடல் உணவுத் தொழிலில் சம்பாதித்தவர். 1950கள்ல அமெரிக்க ரயில்வே கம்பெனிகள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. நீராவி எஞ்சின்கள் வரிசையாகப் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருந்தன. மனசு கேட்காமல் இவர் வாங்க ஆரம்பித்தார். நாட்டின் மிகப் பெரிய தனியார் சேகரிப்புகளில் ஒன்றாக அது வளர்ந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் பெல்லோஸ் ஃபால்ஸ் ஊரை ஒட்டி 'ஸ்டீம்டவுன்' என்ற அருங்காட்சியகமாகவும் ஆனது. உலகின் மிகப் பெரிய நீராவி எஞ்சின்களில் ஒன்றான 'பிக் பாய்' வகையில் 4012 எண் எஞ்சினும் அதில் இருந்தது. அந்த வகையில் மொத்தம் செய்யப்பட்டதே 25, இன்று மிச்சம் இருப்பது 8 மட்டும்தான்.

அவர் பேப்பர் வேலையையும் விடவில்லை. 1964ல் லாப நோக்கமில்லாத அறக்கட்டளை தொடங்கப்பட்டது. ஆனால் 1967 ஆகஸ்ட் 31 அன்று, தானே ஓட்டிய சிறு விமானம் விபத்துக்குள்ளாகி பிளவுண்ட் இறந்துபோனார். வயது 49.

அறக்கட்டளை இருந்தது, எஞ்சின்களும் இருந்தன. ஆனா அவற்றைத் தாங்கும் வருமானம் இல்லை. பெரிய நகரங்களை விட்டுத் தள்ளியிருந்த இடம் என்பதால் கூட்டம் போதவில்லை. மாநிலத்தின் காற்று மாசு விதிகள் ரயில் ஓட்டுவதற்கே இடைஞ்சலாக இருந்தன. 1980களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் கொட்டகைக் கூரை இடிந்து சில எஞ்சின்கள் சேதமாயின.

1984ல் மொத்தத்தையும் பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன் நகருக்கு மாற்றினார்கள். அங்கேயும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சேகரிப்பில் ஒரு பகுதி விற்கப்பட்டது. கடைசியில் 1986ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. 1995ல் புதுப்பொலிவுடன் திறக்கும்போது, சுமார் 6.6 கோடி டாலர் அரசுப் பணம் செலவாகியிருந்தது. மக்கள் வரிப்பணத்தை இதுக்குக் கொட்டணுமா என்று அங்கே பெரிய விமர்சனமும் எழுந்தது.

பிளவுண்டின் கனவு பிழைத்தது உண்மைதான். ஆனா அதுக்கு பில் கட்டினது வேற யாரோ.

ரெண்டாவது நபர்: ஜெர்ரி ஜேக்கப்சன்

ஜேக்கப்சனுக்கும் அதே பைத்தியம்தான்! ஆனால் இவர் கையில் சரக்கு ரயில் தொழில் இருந்தது. 1988ல் ஒஹாயோ மாநிலத்தில் 'ஒஹாயோ சென்ட்ரல்' ரயில் பாதையை ஆரம்பித்து, பல சிறு ரயில் கம்பெனிகள் கொண்ட குழுமமாக வளர்த்தார். சரக்கு ரயில் சம்பாதித்தது, நீராவி எஞ்சின் செலவழித்தது. சம்பாதிக்கிற சொத்து ஒண்ணு, சாப்பிடுற சொத்து ஒண்ணு. ரெண்டையும் அவர் குழப்பிக்கவில்லை.

2008ல் அந்தக் குழுமத்தை ஜெனசீ அண்ட் வயோமிங் கம்பெனிக்கு விற்றார். விலை சுமார் 21.9 கோடி டாலர். (இது விற்பனை விலை, கைக்கு வந்த லாபம் இல்லை. கடன், வரி எல்லாம் போகத்தான் மிச்சம்.) கவனிங்க, ரயில் கம்பெனியை விற்றார், எஞ்சின்களை வைத்துக்கொண்டார்.

அந்த எஞ்சின்களுக்காக சுகர்கிரீக் என்ற சிற்றூரில் 18 எஞ்சின் நிறுத்தும் வட்டக் கொட்டகை ஒன்றைப் புதிதாகக் கட்டினார். நடுவில் எஞ்சினைத் திருப்பும் 115 அடி சுழல்மேடை, பழுது பார்க்கும் பட்டறை, வேலை தெரிந்த ஆட்கள் எல்லாமே அங்கே உண்டு. பெயர் 'ஏஜ் ஆஃப் ஸ்டீம் ரவுண்ட்ஹவுஸ்'. நடத்துவதற்கு மனைவியும் இணைந்த அறக்கட்டளை. 2017 செப்டம்பரில் 74 வயதில் ஜேக்கப்சன் காலமானார். சேகரிப்பு சிதறவில்லை. இன்று அது மக்கள் போய்ப் பார்க்கும் அருங்காட்சியகம்.

இந்த ரெண்டு பேரையும் இணைக்கும் எஞ்சின் ஒன்று உண்டு. கனடியன் பசிபிக் 1293, 1948ல் கனடாவில் செய்யப்பட்டது. 1964ல் பிளவுண்ட் வாங்கினார். ஸ்டீம்டவுன் சேகரிப்பிலிருந்து 1996ல் ஜேக்கப்சனிடம் வந்தது. இன்று ரவுண்ட்ஹவுஸில் கூரைக்குக் கீழே நிற்கிறது.

வித்தியாசம் எங்கே?

ரெண்டு பேருக்கும் ஆசை இருந்தது, அறக்கட்டளையும் இருந்தது. ஆனா டிரஸ்ட் என்பது ஒரு குடம்தான். தண்ணி நாமதான் ஊத்தணும். பிளவுண்டின் எஞ்சின்கள் டிக்கெட் வித்துத் தாங்களே பிழைக்க வேண்டிய நிலை. ஜேக்கப்சன் பணம், கூரை, பட்டறை, ஆள் எல்லாத்தையும் உயிரோடு இருக்கும்போதே ஏற்பாடு பண்ணிட்டார்.

செலவு எவ்வளவு கடுமைன்னு ஒரு உதாரணம். அமெரிக்க விதிப்படி, ஓடுகிற நீராவி எஞ்சினின் பாய்லரை 1,472 நாள் ஓடிய பிறகு அல்லது 15 வருஷம் ஆனதும், எது முன்னாடி வருதோ அப்போ, குழாய்களைக் கழற்றி முழுசாகச் சோதிக்க வேண்டும். இது திடீர்ச் செலவு கிடையாது, தேதி தெரிஞ்ச செலவு.

"அவர் கோடீஸ்வரர், நமக்கென்ன?"ன்னு கேட்கலாம். நியாயம்தான். அவருக்கு 74 வயசு வரை நேரமும் கிடைத்தது, பிளவுண்டுக்கு அது கிடைக்கவில்லை. அதனாலதான் 27 வயசுக்காரருக்கு இதைச் சொல்றேன். தொகை சின்னதா இருக்கும்போது ஏற்பாடும் சுலபம்.

நீங்க செய்ய வேண்டிய 5 வேலை

1. பட்டியல் போடுங்க. ஒவ்வொரு சொத்துக்கும் எதிரே 'சம்பாதிக்குது' அல்லது 'சாப்பிடுது'ன்னு எழுதுங்க. ஊரில் பூட்டிக் கிடக்கும் பங்கு வீடும் சாப்பிடுற சொத்துதான்.

2. தேதி தெரிஞ்ச செலவுக்கு மாசாமாசம் ஒதுக்குங்க. உங்க பழைய பைக்குக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ₹90,000 ஆகும்னு வச்சுக்கோங்க. 60 மாசம், மாசம் ₹1,500. ஆர்.டி. போதும்.

3. யாருக்கு வேணும்னு வாய் விட்டுக் கேளுங்க. தம்பிக்கு உங்க புல்லட் வேண்டாம்னா, இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது. வித்து பணமா குடுங்கன்னு எழுதி வைக்கலாம்.

4. நாமினி போட்டாச்சு, வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ஷேர் விஷயத்தில் நாமினி என்பதாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கல்யாணம் ஆனவங்க ஈபிஎஃப் நாமினேஷனையும் புதுசா போடுங்க.

5. உயில் எழுதுங்க. சாதா வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். ரெண்டு சாட்சி கையெழுத்து அவசியம், பதிவு செய்வது உங்க விருப்பம். சொத்து பெறப்போறவரை சாட்சியா போடாம இருக்கிறது நல்லது. முஸ்லிம் நண்பர்களுக்குத் தனிச் சட்டப்படி விதிகள் மாறும், அதைக் கேட்டுக்கிட்டுச் செய்யுங்க.

முதல் ரெண்டு வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு எக்செல் ஷீட்டில் முடிச்சிடலாம். பட்டியலில் 'சாப்பிடுது' பக்கம் எது முதலில் வந்ததுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. உயில் எழுதும் முறையைப் படிப்படியா அடுத்த வீடியோவில் பார்ப்போம்.