உடலுக்குள் ஒரு 'இன்சுலின் பை'... ஊசிக்கு விடை கொடுக்குமா? சிக்கல் எங்கே?

டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு தினமும் 3, 4 முறை இன்சுலின் ஊசி. பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு ஒரு முடிவே இல்லையா டாக்டர்?" அதற்கான பதிலை ஒரு சின்ன பைக்குள் தேடி வருகிறார்கள் விஞ்ஞானிகள்.

செல்களை மாற்றி வைக்க முடியாதா?

இன்சுலினைச் சுரப்பவை கணையத்தில் உள்ள பீட்டா செல்கள். டைப் 1-ல் நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே இவற்றை எதிரியாக நினைத்து அழித்துவிடுகிறது.

1999-2000-ல் கனடாவின் எட்மன்டனில், தானமாகக் கிடைத்த கணையங்களிலிருந்து செல்களைப் பிரித்து 7 பேருக்கு கல்லீரல் வழியாகச் செலுத்தினார்கள். ஏழு பேருக்கும் ஊசி தேவைப்படவில்லை. ஆனால், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும். அதனால் தொற்று, புற்றுநோய் அபாயம் கூடும். ஊசி போய் மாத்திரை வந்த கதைதான்!

கொசுவலை டெக்னிக்

இங்கேதான் பை வருகிறது. செல்களை மெல்லிய சவ்வுப் பைக்குள் வைத்து தோலுக்கு அடியில் பொருத்துவார்கள். கொசுவலை காத்தை விடும், கொசுவை விடாது இல்லையா? அதேபோல இந்தச் சவ்வு ஆக்சிஜன், சர்க்கரையை உள்ளே விடும்; இன்சுலினை வெளியே விடும். தாக்க வரும் எதிர்ப்பு செல்களை மட்டும் தடுக்கும். மாத்திரையே வேண்டாம்.

அப்புறம் என்ன பிரச்சினை?

உடம்பு அந்தப் பையையே அந்நியப் பொருளாகப் பார்த்து, சுற்றிலும் தழும்புத் திசுவை வளர்த்துவிடுகிறது. வலையின் ஓட்டை அடைபட, உள்ளே இருக்கும் செல்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. 2014-ல் அமெரிக்காவின் வயாசைட் நிறுவனம் தொடங்கிய சோதனையில் இதுதான் நடந்தது. 2022-ல் அந்த நிறுவனத்தை வாங்கிய வெர்டெக்ஸ், தன்னுடைய பை சோதனையையும் 2025 மார்ச்சில் கைவிட்டது. காரணம், போதிய இன்சுலின் சுரக்கவில்லை.

நம்பிக்கை இருக்கா?

இருக்கு. ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்களை பை இல்லாமல் செலுத்திய வெர்டெக்ஸின் இன்னொரு சோதனையில், முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் இன்சுலினை விட்டார்கள். ஆனால் மாத்திரை கட்டாயம். ஸ்வீடனின் உப்சாலாவில், மரபணு திருத்திய செல்களை ஒருவரின் கைத்தசையில் வைத்தார்கள். மாத்திரை இல்லாமலேயே அவை பிழைத்து இன்சுலின் சுரந்தன. ஆனால் அளவு குறைவு என்பதால் அவருக்கு ஊசி தொடர்கிறது.

நாம் கவனிக்க வேண்டியது

செல்லைக் காப்பாற்றுவதா, அதற்கு மூச்சு கொடுப்பதா? இரண்டையும் ஒரே பையில் சாதிப்பதுதான் சவால். அதுவரை இன்சுலின்தான் உயிர்க்காப்பு. 'ஒரே சிகிச்சையில் டைப் 1 குணம்' என்ற விளம்பரத்தை நம்பி ஊசியை நிறுத்திடாதீங்க. சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.