பாதி முள் என்றால் பாதி டேங்க் அல்ல!

டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், 50 கிலோமீட்டர் ஓடியும் முள் அசைய மறுக்கும். ‘மைலேஜ் பிரமாதம்!’ என்று பூரித்துப்போவோம். பாதியைத் தாண்டியதும் அதே முள் மளமளவென்று இறங்கும். உடனே மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். பெரும்பாலும் இது கோளாறே இல்லை.

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போலவே. அதோடு இணைந்த கம்பி ஏறி இறங்கும்போது மின்தடை மாறும். அதற்கேற்ப முள் நகரும். ஆக, அது பார்ப்பது பெட்ரோலின் மட்டத்தை, லிட்டரை அல்ல. விளிம்புவரை நிரப்பினால் மிதவை ஓர் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஏறிய பெட்ரோல் தீரும்வரை முள் ‘ஃபுல்’லிலேயே நிற்கும்.

டேங்க்கும் சதுரப் பெட்டி கிடையாது. பின்சீட்டுக்கு அடியில், கிடைத்த இடத்துக்கேற்ப கோணல்மாணலாக வளைத்திருப்பார்கள். அடிப்பகுதி குறுகலாக இருந்தால், அங்கே மட்டம் சரசரவென்று இறங்கத்தானே செய்யும்? புதிய கார்கள் பலவற்றில் இதைத் திருத்திக் காட்டும் கணினி உண்டு. மேட்டில் நிறுத்தினால் அதுவும் கொஞ்சம் ஏமாறும்.

விளக்கு எரிந்த பிறகும் ‘இன்னும் ஓடும்’ என்று விரட்டுபவர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். நடுராத்திரி பைபாஸில் பிள்ளைகளோடு நிற்கும் அவஸ்தை ஒருபுறம். இன்னொன்றும் உண்டு: இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது, அதைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். அடிக்கடி வற்றவிட்டால் பம்ப் சூடாகிச் சீக்கிரம் தேயும். செலவு ஆயிரக்கணக்கில்! கால் டேங்க் காட்டும்போதே பங்க்குக்குள் திருப்பிவிடுங்கள்.